பூஜ்யம் என்றால் இங்கே

1

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மின்னஞ்சல் இல்லை. கோடு போட்ட தாளில், நீல மையில், ஒரு மூதாட்டி கையால் எழுதியது. நான் வேலை பார்ப்பது பிரான்சில், லியோன் நகரத்தில், ஓய்வூதியம் வழங்கும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில். கணவர் இறந்துபோனால் மனைவிக்குப் பாதி ஓய்வூதியம் தொடர்ந்து கிடைக்கும். அதற்கு விண்ணப்பித்தவர்களுக்கு, "உங்கள் தாள்கள் வந்து சேர்ந்தன" என்று எங்கள் இயந்திரம் தானாக ஒரு கடிதம் அச்சிட்டு அனுப்பும். அப்படிப் போன கடிதத்துக்குத்தான் அந்த அம்மாள் பதில் எழுதியிருந்தார்.

"ஐயா, உங்கள் கடிதத்தில் என் பெயர் சரி, என் விலாசம் சரி, என் எண்ணும் சரி. ஆனால் 'காலஞ்சென்ற உங்கள் கணவர் மர்செல்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணவர் பெயர் ஆந்த்ரே. ஐம்பத்தோரு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். மர்செல் என்று எனக்கு யாரையும் தெரியாது. யார் அந்த மர்செல்? அவருடைய மனைவிக்கு என் ஆந்த்ரேயை அனுப்பிவிட்டீர்களா?"

என் மேலதிகாரி சில்வி அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு, மர்செல் என்ற பெயரின்மேல் விரலை வைத்தாள். பதினேழு வருடப் பழக்கத்தில் அந்த விரலின் அர்த்தம் எனக்குத் தெரியும். கடிதம் அச்சிடும் அந்தச் சேவை நிரலை எழுதியவன் நான்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதைவிட ஆவல்தான் அதிகம். பெயர் தவறவில்லை, விலாசம் தவறவில்லை, ஒரே ஒரு சொல் மட்டும் எப்படித் தவறும்? இயந்திரம் தடுமாறி நின்றிருந்தால் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். இது நிற்கவில்லை, முனகவும் இல்லை. ஒரு செத்துப்போன மனிதருடைய இடத்தில் இன்னொரு செத்துப்போன மனிதரைப் பொருத்தமாக உட்காரவைத்து, உறையில் போட்டு, தபால் தலையும் ஒட்டி அனுப்பியிருக்கிறது. யார் அந்த மர்செல் என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

2

நான் நெரவிக்காரன். காரைக்காலிலிருந்து பட்டினம் போகிற பஸ்ஸில் ஏறினால் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் ஊர். இங்கே நம்மவர்கள் யாரையாவது பார்த்து, "காரைக்கால் பக்கம்" என்று சொன்னால் உடனே, "சொல்தா குடும்பமா?" என்று கேட்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை பிறப்போடு வரும். எங்கள் வீட்டில் யாரும் துப்பாக்கி பிடித்ததில்லை. அப்பா நெல்லு போட்டார், அறுத்தார், மறுபடியும் நெல்லு போட்டார். பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. நான் கணினி படித்து, சென்னையில் மெயின்ஃப்ரேம் கற்று, வேலைக்கான விசாவில் வந்தவன். இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையைப் புதுப்பிக்க அரசாங்க அலுவலகத்துக்குப் போனால், பிறந்த ஊர் காரைக்கால் என்று பார்த்ததும் அந்தப் பெண் புருவத்தைத் தூக்குவாள். "நீங்கள் ஏன் இந்த வரிசையில் நிற்கிறீர்கள்? உங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு சன்னல்." இல்லை அம்மா, என் ஊர்க்காரர்களுக்குத்தான் அந்தச் சன்னல், எனக்கு இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஒவ்வொரு முறையும் இது நடக்கும்.

வந்த புதிதில் என் பிரெஞ்சு அரைகுறை. முதல் வாரம், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு சில்வியிடம், "போய்விட்டு வருகிறேன்" என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் பிரெஞ்சாக்கிச் சொன்னேன். அவள் நான் ஏதோ சிகரெட் பிடித்துவிட்டு வரப்போகிறேன் என்று நினைத்து, அலுவலகத்தைப் பூட்டாமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். மறுநாள், "நேற்று ஏன் திரும்பி வரவில்லை?" என்று கேட்டாள். "இதோ வந்திருக்கிறேனே" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம்.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். மெயின்ஃப்ரேம் என்கிற ராட்சதக் கணினியை ஒரு பெரிய கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான அறைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை. புத்தகத்தில் இதற்கு முகவரி வெளி என்று பெயர் போடுவார்கள். நான் அறை என்றே சொல்கிறேன். ஒவ்வோர் அறையிலும் பெட்டிகள், பெட்டிகளுக்கு எண்கள். வேடிக்கை என்னவென்றால் எல்லா அறையிலும் அதே எண் வரிசைதான். ஐயாயிரமாவது பெட்டி என் அறையிலும் உண்டு, உங்கள் அறையிலும் உண்டு. என் பெட்டியில் பருப்பு இருக்கும், உங்களுடையதில் புளி இருக்கும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறையை எட்டிப் பார்க்க முடியாது. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால் ஒருவன் கெட்டுப்போனால் எல்லோரையும் கெடுத்துவிடுவான்.

ஆனாலும் ஓர் அறைக்காரன் இன்னோர் அறைக்காரனிடம் வேலை சொல்லியாக வேண்டும். சொல்லும்போது பொருளைத் தூக்கிக்கொண்டு போகமாட்டான். ஒரு சீட்டு கொடுப்பான். "பெயர் இத்தனாவது பெட்டியில், விலாசம் அத்தனாவது பெட்டியில்" என்று. அந்தச் சீட்டில் இருப்பவைதான் பாராமீட்டர்கள். வெறும் எண் போதாதல்லவா, எந்த அறையின் பெட்டி என்றும் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வோர் எண்ணோடும் ஒரு சின்ன அடையாளம் சேர்ந்து போகும். அடையாளம் பூஜ்யம் என்றால் "இங்கே". ஒன்று என்றால் "என்னைக் கூப்பிட்டவனுடைய அறையில்".

இதில்தான் சூட்சுமம். நான் என் அறையில் உட்கார்ந்து பூஜ்யம் என்று எழுதினால் அது என் அறை. சீட்டு சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போய், அந்த அறைக்காரன் அதே பூஜ்யத்தைப் படித்தால் அது அவனுடைய அறை. எழுத்து மாறவில்லை, எண் மாறவில்லை. படிக்கிறவன் நிற்கிற இடம் மாறிவிட்டது. அதனால், சீட்டை வாங்குகிறவன் முதல் வேலையாகப் பூஜ்யத்தை ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். "இவன் இங்கே என்று சொன்னது என் இங்கே இல்லை, அவனுடைய இங்கே" என்று. இந்த விதியைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு நிறுவனம் என்னைத்தான் கூப்பிடும். நான் இதில் பெரிய ஆள் என்று ஒரு பெயர்.

3

அதே சமயத்தில் ஊரில் ஒரு காரியம் ஓடிக்கொண்டிருந்தது. நெரவி வீடு அம்மா பெயரில் இருந்தது. அம்மா போன பிறகு எனக்கும் என் தங்கை மல்லிகாவுக்கும் சரிபாதி. மல்லிகாவின் கணவர் ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவள் திரும்பி வந்து அம்மாவோடு இருந்தாள், கடைசி இரண்டு வருடம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டாள். காரைக்காலில் ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ், சாயங்காலம் பஸ். அந்த வீட்டைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பின்கட்டு ஓடு சரிந்துவிட்டது. இடித்துக் கட்டுவதற்கு அனுமதி கேட்டால் வாரிசு இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவன் பிரான்சில். நான் என் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டால் வீடு முழுக்க அவளுடையது, அவள் இஷ்டப்படி கட்டிக்கொள்ளலாம். இதை நான் எப்போதோ தீர்மானித்துவிட்டேன், என் மனைவிக்கும் முழுச் சம்மதம். அம்மா இருக்கும்போதே தீர்மானித்ததுதான். இதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். ஒரு வாரிசு தன் பங்கை இன்னொரு வாரிசுக்கு விட்டு எழுதிக் கொடுப்பது.

மல்லிகாவுக்குப் போன் செய்து, "வீட்ட ஒரே பேருக்கு மாத்திடலாம்மா. எதுக்கு ரெண்டு பேரு, வீண் அலைச்சல்" என்றேன்.

"சரிண்ணே. ஒனக்கு எப்படித் தோணுதோ செய்யி" என்றாள்.

அடுத்தது பத்திரம் எழுதும் கணபதி சாருக்கு. காரைக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் அவருடைய மேஜை. அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு எழுதுகிறவர்.

"தம்பி, சொல்லுங்க. எப்ப வர்றீங்க?"

"அடுத்த மாசம் வர்றேன் சார். அதுக்குள்ள ஒரு விடுதலைப் பத்திரம் ரெடி பண்ணி வைங்க. எனக்கும் தங்கச்சிக்கும். அந்த வீட்டுக்கு."

"ஓ, அதுவா. எப்படி எழுதணும்?"

"வழக்கம்போலதான் சார். வில்லங்கம் ஒண்ணும் கெடையாது."

"அப்ப நான் பாத்துக்கறேன் தம்பி. நீங்க வந்து கையெழுத்துப் போட்டா போதும்."

பத்து நாளில் நகலை மல்லிகாவிடம் கொடுத்து, எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பி, "பேரு, பொறந்த தேதி எல்லாம் சரியான்னு ஒரு தடவ பாத்துக்கங்க" என்று எழுதியிருந்தார். அன்று நான் மர்செலைத் தேடிக்கொண்டிருந்தேன். கோப்பைத் திறக்கவில்லை. மூன்று பேரும் இருக்கிற குழுவில் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, "சரி சார், அப்படியே இருக்கட்டும்" என்று எழுதிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அதை எழுத எனக்கு நாலு விநாடி ஆகியிருக்கும்.

4

மர்செல் எட்டு நாள் அகப்படவில்லை. இயந்திரத்தின் ஞாபகத்தை அப்படியே ஒரு கணத்தில் பிடித்து எழுதிவைக்கிற வழி ஒன்று உண்டு, டம்ப் என்போம். பல்லாயிரம் வரி, எல்லாம் எண்ணும் எழுத்தும் கலந்த கிறுக்கல். அதை உட்கார்ந்து படிப்பது சிலருக்குத் தண்டனை. எனக்குப் பிடிக்கும். யாரோ பாதி சாப்பாட்டில் எழுந்து போன வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது மாதிரி இருக்கும்.

ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தேன். என் சீட்டில் முதலில் நான்கு பாராமீட்டர்தான் இருந்தது. பெயர், விலாசம், எண், தேதி. நான்குக்கும் பூஜ்யத்தை ஒன்றாக்கும் வரியை ஒழுங்காக எழுதியிருந்தேன். இரண்டு வருடம் கழித்து, கடிதத்தில் கணவர் பெயரும் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஐந்தாவதைச் சேர்த்தேன். சேர்த்தவன் அதற்கு அந்த வரியை எழுத மறந்துவிட்டேன். ஆகவே சேவை, கணவர் பெயரை மட்டும் தன் சொந்த அறையில் போய்த் தேடியிருக்கிறது. அந்த எண்ணுள்ள பெட்டி அங்கே தற்காலிக வேலைக்கு வைத்திருப்பது. முந்தைய கட்டத்தில் அதே குடும்பத்தின் விவரம் அங்கே ஏற்கெனவே வந்து இருக்கும் என்பதால் பெரும்பாலும் சரியான பெயரே கிடைத்துவிட்டது. இரண்டு விண்ணப்பங்கள் நெருக்கியடித்து வரும்போது மட்டும் முந்தைய வீட்டு ஆள் எழுந்து போயிருக்கமாட்டார். அப்படி எழுந்து போகாதவர்தான் மர்செல்.

அவருடைய மனைவிக்குச் சரியான கடிதம்தான் போயிருந்தது. நீல மைக் கடிதம் எழுதிய அம்மாளுக்கு அதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, நானே கையால் எழுதிப் போட்டேன். சில்வி அதைப் படித்துப் பார்த்து மூன்று எழுத்துப்பிழை திருத்தினாள்.

அந்த வார இறுதியில் மகள் இனியா வந்திருந்தாள். வேறு ஊரில் படிக்கிறாள். வாரம் ஒருமுறை ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வருவாள், சலவை முடிந்ததும் போய்விடுவாள். நான் தமிழில் பேசுவேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எது எங்கே முறிந்தது என்று தெரியவில்லை, ஆனால் சண்டை இல்லாமல் ஓடுகிறது. சாப்பிடும்போது அவளிடம் மர்செல் கதையைச் சொன்னேன். சிரித்தாள். பேச்சோடு பேச்சாக, "ஊர் வீட்டை அத்தை பேருக்கு எழுதிக் குடுக்கப் போறேன்" என்றேன்.

அவள் முள்கரண்டியை நிறுத்தி, "அது அத்தை வீடுதானே? இத்தனை நாள் யாருடையதாக இருந்தது?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் என் பெயர் இருப்பதே என் மகளுக்குத் தெரியாது. விடுமுறைக்கு அவள் போய்வந்தது அத்தை வீட்டுக்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து யோசித்தால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

5

மறுநாள் ஞாயிறு. எங்களுக்குப் பகல், ஊரில் பொழுது சாய்கிற நேரம். மல்லிகா கூப்பிட்டாள். வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கெணத்து மோட்டாரு போன வருசம் நான் மாத்துனது. அத நான் கழட்டி எடுத்துக்கலாமா, இல்ல வீட்டோடயே இருக்கணுமா?"

"எடுத்து எங்க கொண்டுபோவப் போற?"

"எங்கயும் இல்ல. அங்க மோட்டாருக்கு வேலயும் இல்ல. சும்மா கேட்டுக்கலாம்னுதான்."

"அங்கன்னா எங்க?"

"காரைக்கால்ல ஒரு போர்ஷன் பாத்துருக்கேன். ஸ்கூலுக்குப் பக்கத்துலயே. மேல் மாடி. தண்ணி நல்லா வருதாம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "வீட்ட விட்டுட்டு ஏம்மா போற?" என்றேன்.

 கொஞ்ச நேரம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நிதானமாக, "நீதானண்ணே சரி, அப்படியே இருக்கட்டும்னு போட்டிருந்த" என்றாள்.

அவளைப் போனிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கணினியில் கோப்பைத் திறந்தேன். முதல் பக்கம். விடுதலை எழுதிக் கொடுப்பவர்: மல்லிகா. எழுதிப் பெறுபவர்: நான். "எனது பூரண சம்மதத்தின் பேரில், எவருடைய தூண்டுதலும் இன்றி, மேற்படி சொத்தில் எனக்குள்ள சரிபாதி பாகத்தை என் அண்ணன் அவர்களுக்கு விடுதலை செய்து கொடுத்து, இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் இல்லை." பெயர் சரியாக இருந்தது. பிறந்த தேதி சரியாக இருந்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

அந்தக் கணத்தில் நான் கணபதி சாரிடம் சொன்ன ஒரு சொல் ஞாபகம் வந்தது. வழக்கம்போல. எங்கள் பக்கம் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் விடுதலைப் பத்திரம் என்றால் தங்கைதான் எழுதிக் கொடுப்பாள். கல்யாணத்தில் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, சொத்து ஆணுக்கு. அவர் எழுதிய அத்தனையும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் என் தலைக்குள் இருந்த வழக்கத்தைச் சொன்னேன், அவர் தன் மேஜையில் இருந்த வழக்கத்தை எடுத்தார். மல்லிகாவிடம் நான் சொன்னதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வீட்ட ஒரே பேருக்கு மாத்திடலாம். யார் பெயருக்கு என்று சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது நாள் செலவழித்து அந்தப் பூஜ்யத்தைக் கண்டுபிடித்த பெரிய ஆள் நான். எனக்கே என்னைக் கண்டால் எரிச்சலாக வந்தது.

"மல்லிகா, இது தப்பா எழுதிருக்கு. வீடு ஒனக்குத்தான். நான்தான் ஒனக்கு எழுதித் தர்றேன். மொதல்லேர்ந்தே அதான்."

"ம்" என்றாள். நம்பினாளா இல்லையா என்று அந்த ம்-மில் தெரியவில்லை.

"பாத்ததும் ஒரு வார்த்த கேக்க வேண்டாமா? ஏண்ணே இப்படின்னு?"

"என்னான்னு கேக்குறது? ஒனக்கும் பொண்ணு இருக்கு, படிப்பு இருக்கு. எதாச்சும் நெருக்கடியா இருக்கும்னு நெனச்சேன். அண்ணன் கேட்டா குடுக்கறதுதான். ஊருல எல்லாரும் குடுக்குறாங்க."

"நான் கேக்கவே இல்லயேடி."

"எனக்கு அது எப்படிண்ணே தெரியும்?"

 முன்பின் தெரியாத ஒரு பிரெஞ்சுக் கிழவி ஒரே ஒரு பெயர் தப்பாக வந்ததற்கு, யார் அந்த மர்செல் என்று தாளெடுத்து எழுதிக் கேட்டாள். என் கூடப் பிறந்தவள் குடியிருக்கும் வீடு போகிறது என்று தெரிந்தும் கேட்கவில்லை. வாடகைக்கு இடம் பார்த்துவிட்டு மோட்டாரைப் பற்றி மட்டும் கேட்டாள். என்னை அப்படிப்பட்டவன் என்று அவள் நினைத்துவிட்டாளே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, அப்படி இல்லை என்று நினைக்க நான் அவளுக்கு என்ன காரணம் கொடுத்தேன் என்று யோசித்தேன். பதினேழு வருடத்தில் நான்கு முறை போயிருக்கிறேன். அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டுப் பதினோராம் நாள் கிளம்பியவன் நான். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்று அழுதேன். இனியா துணி மடித்துக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டு, தமிழில், "அப்பா, என்ன?" என்று கேட்டாள்.

கணபதி சாரைக் கூப்பிட்டேன். அவர் கோபிக்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"தம்பி, முப்பது வருசமா எழுதுறேன். அண்ணன் தங்கச்சின்னா எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? நீங்க வழக்கம்போலன்னுதான சொன்னீங்க."

"என் தப்புதான் சார். என் பங்க தங்கச்சிக்குக் குடுக்கணும். நான் எழுதிக் குடுக்கறவன்."

"நெசமாவா சொல்றீங்க? வீட்டுல கேட்டுட்டீங்களா? சம்சாரம் ஒண்ணும் சொல்லலியே?"

"அவதான் சார் சீக்கிரம் முடிங்கன்னு சொல்றா."

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இதுக்கு எங்கிட்ட பழைய நகல் கெடையாது தம்பி. ஒண்ணுகூட எழுதுனதில்ல. புதுசாத்தான் அடிக்கணும். நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கறேன்" என்றார். நான் ஒவ்வொரு வரியாக, பெயர் சொல்லி, உறவு சொல்லி, யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லி, மூன்று முறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளாமல் படித்தார். பிறகு புதுப் பத்திரத்தை மல்லிகாவுக்கும் நானே போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன். அவள், "போதுண்ணே, புரியுது" என்று சொன்னபிறகும் கடைசி வரி வரை படித்தேன்.

6

ஐந்து நாள் விடுப்பில் போனேன். சென்னையில் இறங்கி, ரயிலில் காரைக்கால். மல்லிகா நேராகக் கணபதி சாரின் மேஜைக்கு வந்துவிட்டாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காகிதத்தை வாங்கி, நின்றபடியே, முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

சாட்சிக்கு அடுத்த வீட்டுச் சேகரைக் கூட்டி வந்திருந்தோம். சின்ன வயதில் என்னோடு வாய்க்காலில் குதித்தவன். பதிவு நடக்கிற இடத்தில் எங்கள் முறை வந்ததும் சேகர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, எந்த யோசனையும் இல்லாமல் மல்லிகா கையில் கொடுத்தான்.

"நீதானம்மா மொதல்ல போடணும்."

அவள் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதை என் பக்கம் நீட்டி, "அண்ணன்தான் எழுதிக் குடுக்குது. நான் வாங்கிக்கிறவ" என்றாள். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேகர் என்னைப் பார்த்து, "அப்படியாடா?" என்றான். "அப்படித்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். புகைப்படம் எடுத்தார்கள், விரல் ரேகை பதிந்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கணபதி சார் வெளியே வந்து, அந்த நகலைத் தனியாக ஒரு கோப்பாக வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் ஆகும் என்றார்.

பட்டினம் பஸ்ஸில் நெரவிக்குத் திரும்பினோம். மல்லிகா ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரத்தின் ரசீதைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். "அந்தப் போர்ஷன்?" என்று கேட்டேன். "வேணான்னு சொல்லிட்டேன். வேற யாரோ வந்துட்டாங்களாம்" என்றாள். பின்கட்டை இடித்துவிட்டு எங்கே சமையல்கட்டு வைப்பது, எங்கே துணி உலர்த்துவது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். நான் பெட்டியை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் நிலைப்படிக்கு உள்ளே நின்று திரும்பினாள்.

"வாண்ணே. உள்ள வா."

நான் பிறந்த வீடு அது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும், சென்னையிலிருந்து வந்தபோதும், பிரான்சிலிருந்து வந்தபோதும் அந்த வாசலில் நின்று யாரும் என்னை வா என்று கேட்டதில்லை. வீட்டு ஆளை எந்த வீட்டில் கேட்பார்கள்? அவள் யோசித்துச் சொல்லவில்லை. தன் வீட்டுக்கு அண்ணன் வந்திருக்கிறான், கேட்கிறாள், அவ்வளவுதான்.

"வந்துட்டேம்மா" என்றேன், விருந்தாளிகள் சொல்வார்களே, அப்படி. சொல்லிவிட்டு, உள்ளே போய் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கூடத்தில் நின்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.